ஏழு முறை செத்த மாமா

திலகேஸ்வரிக்கு ஒரே ஒரு தாய்மாமன்.
விடுப்புப் புத்தகத்தில் அவர்
ஏழு முறை செத்திருக்கிறார்.

அந்தப் புத்தகம் என் மேசையில்தான் இருக்கிறது.
ஊத்தான் மெலிந்தாங், செம்பனை ஆலை,
எடைமேடை அறை.
லாரி ஏறும், எண் வரும்.
குலை இறக்கித் திரும்பும், மறுபடி எண் வரும்.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு.
அவள் எழுதுவாள், நான் முத்திரை குத்துவேன்.

முதல் சாவு இரண்டாயிரத்துப் பதினொன்றில். மூன்று நாள்.
திரும்பி வந்தவள் கன்னத்தில் புல் உரசிய கோடு.
"சுடுகாட்டுல விழுந்தியா?" என்றேன்.
கதவைச் சாத்திவிட்டு மேசைக்கடியில்
மஞ்சளும் கறுப்புமாய் ஒரு சட்டையை விரித்தாள்.
முதுகில் இரண்டு. பெயர் இல்லை.
"பேரு நீளமாம், துணி பத்தலையாம்."

ரக்பி எனக்கு
தொலைக்காட்சியில் தாண்டிப்போகும் அலைவரிசை.
அவள்தான் சொன்னாள்:
எட்டுப் பேர் எட்டுப் பேரை முட்டித் தள்ளுவோம்,
முன்வரிசையில் நடுவில் நான்,
என் ரெண்டு கையும் ரெண்டு பேர் தோளில் மாட்டியிருக்கும்,
பந்தைக் குதிகாலால் பின்னுக்கு இழுக்கணும்.
விழுந்தால் கை ஊன்ற முடியாது.

"பொம்பளைங்க விளையாடுறதா இது?"
கேட்டது நான்தான்.
இப்போது கேட்க மாட்டேன்.

ஷிப்ட் முடிந்ததும் ஆலைக்குப் பின்னால்,
கழிவுக் குளத்தோரச் செம்பனையில்
சுண்ணாம்பால் ஒரு வட்டம்,
என்னைப்போல் இரண்டு ஆள் உயரத்தில்.
தலைக்குப் பின்னிருந்து எறிவாள்.
பட்டால் சுண்ணாம்பு உதிரும்.
தவறினால் பந்தெடுக்க நான் போகணும்,
பாம்பு இருக்கும்.
நாளைக்கு நூறு. எண்ணியது நான்,
எண்ணிக்கையில் எனக்குத் தவறு வராது.

வெள்ளி இரவு தெலுக் இந்தானில் பஸ் ஏறுவாள்.
திங்கள் காலை முதல் லாரிக்கு முன் இருப்பாள்,
உட்காரும்போது மட்டும்
மேசையைப் பிடித்துக்கொண்டு.

இரண்டாம் சாவு பாங்காக்கில். தோல்வி.
மூன்றாவது சிங்கப்பூரில், மழையில், ஒரு ட்ரை அவளுடையது.
நான்காவது தாஷ்கண்ட். எழுபதுக்குப் பூஜ்யம்.
"எடைச்சீட்டுல இப்படி வந்தா
மிஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதியிருப்பேன்" என்றாள்.
சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை.

ஐந்தாவதில் இடது காது
பணியாரமாய் உப்பி, அப்படியே இறுகிவிட்டது.
தோட்டுத் துளை மூடிக்கொண்டது.
அன்று முதல் ஒற்றைத் தோடு.
மற்றதைத் தனியாக வாங்க மாட்டேன் என்கிறானாம் அடகுக்கடைக்காரன்.

ஆறாவதில் என்சிக் ரோஸ்லான் கேட்டார்,
"உங்களில் ஒருத்தருக்கு எத்தனை மாமா?"
"பெரிய குடும்பம், என்சிக்" என்றேன்,
முத்திரையில் மை தொட்டபடி.

பாகான் டத்தோ சாலையில் மோட்டார் பழுதுபார்க்கும்
பொன்னுரங்கம் மாமாவுக்கு எல்லாம் தெரியும்.
ஸ்பானரைக் கீழே வைக்காமலே கேட்பார்:
"இந்த வாட்டி எனக்கு எந்த நாட்டுல கருமாதி?"

மற்றதெல்லாம் வருடாந்திர விடுப்பில் கழிந்தது.
மொத்தம் பத்தொன்பது ஆட்டம்.
சம்பளத்தில் வெட்டு முப்பத்தாறு நாள்.
முழங்கால் ஒன்று.

கடைசிப் பாரத்தில் காரணம் என்ற இடத்தில்
நிதானமாக எழுதினாள்:
ரக்பி. மலேசிய அணி. கடைசி ஆட்டம்.
என்சிக் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

எடைமேடையில் இருந்து கைப்பேசியில் பார்த்தேன்.
ஐம்பதாவது நிமிடம்,
கோட்டோரம் அவள், பந்து தலைக்குப் பின்னால்.
இணையம் அப்படியே உறைந்தது.
வெளியே லாரி ஹாரன்.
பதினெட்டு டன் எழுதிவிட்டு வந்தால்
அவள் இடத்தில் வேறொருத்தி.

"அந்தப் பந்து என்னாச்சு?" திங்களன்று கேட்டேன்.
"எது? நிறைய எறிஞ்சேனே."

நேற்று ஒரு பாரம் நீட்டினாள்.
இரண்டு நாள் விடுப்பு.
காரணம்: தாய்மாமனுக்கு அறுபதாம் கல்யாணம்.

இதை மட்டும் என்சிக்
ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.